ஒரு சரக்கைப் பின்தொடர்ந்து வர்த்தகச் சட்டம் பயிலுதல்

சர்வகலாசாலையின் பாடத்திட்டத்தைப் புரட்டிப் பார்க்கும் மாணவருக்கு வர்த்தகச் சட்டம் என்பது பல துண்டுகளாகவே காட்சி தரும். முதலாண்டில் ஒப்பந்தம், அடுத்து பொருள் விற்பனையும் கூட்டு வாணிபமும், பின்னர் காசோலையும் உண்டியலும், அதன்பின் கம்பெனிச் சட்டம், படிப்பு முடியும் தறுவாயில் சர்வதேச வர்த்தகச் சட்டமும் மத்தியஸ்தச் சட்டமும் என்று அவை ஆண்டுவாரியாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆசிரியரும் தனித்தனி, பரீட்சையும் தனித்தனி. ஆனால் வியாபாரி ஒருவரின் அலுவலகத்தில், ஒரே நாளில், ஒரே மேஜைமீது, இவை அத்தனையும் ஒரு சரக்கைச் சுற்றி ஒருங்கே வந்து நிற்கின்றன. ஆகையால், பாடங்களை வரிசைப்படி மனனம் செய்து தேறுவதோடு நின்றுவிடாமல், ஒரு கொடுக்கல் வாங்கலைக் கற்பனையில் எடுத்துக்கொண்டு, அது பேச்சில் தொடங்கிப் பணம் கைக்கு வரும்வரை, அல்லது வராமல் வழக்காகும்வரை, அதன் அடிச்சுவட்டைத் தொடர்ந்து செல்லுவதே இந்தச் சாஸ்திரத்தைப் பயிலுவதற்கு உகந்த வழி என்பது என் உறுதியான அபிப்பிராயம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த வழியையே காட்டுகிறது.

திருப்பூரிலுள்ள பின்னலாடை உற்பத்தியாளர் ஒருவர் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்து வியாபாரி ஒருவருக்குப் பனியன்களை விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சரக்கு தூத்துக்குடித் துறைமுகத்தில் ஏற்றப்பட்டு, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி, ஐரோப்பா சென்று சேர வேண்டும். விலை பேசியது மின்னஞ்சலில். பணம் வருவது வங்கி வழியாக. இவ்வளவே நமக்குப் போதும். இதே உதாரணத்தை ஐந்தாண்டுக் காலமும் கைவிடாமல் வைத்திருந்து, புதிய பாடம் ஒவ்வொன்றையும் படித்து முடித்ததும், அது இந்தப் பனியன் மூட்டையின் பயணத்தில் எந்த இடத்தில் குறுக்கிடுகிறது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருவீர்களாக.

முதலில் எழும் கேள்வி, ஒப்பந்தம் உண்டாயிற்றா என்பது. இதற்கு நம் கையிலிருப்பது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம். உரைநூல்களுக்குப் போகுமுன் மூலச் சட்டத்தையே, பிரிவுகளுக்குக் கீழே தரப்பட்டிருக்கும் உதாரணங்களோடு, நிதானமாக ஒருமுறை வாசித்துவிட வேண்டும். அந்த உதாரணங்கள் அலங்காரமாக வைக்கப்பட்டவை அல்ல, சட்டத்தின் அங்கமாகவே நியாயஸ்தலங்கள் அவற்றைக் கருதுகின்றன. அப்படி வாசிக்கும்போது 75ஆம் பிரிவுக்குப் பிறகு திடீரென்று 124ஆம் பிரிவு வருவதையும், 238ஓடு சட்டம் முடிந்துவிடுவதையும் காண்பீர்கள். இடையிலே இருந்தது பொருள் விற்பனை. இறுதியில் இருந்தது கூட்டு வாணிபம். முன்னது 1930இலும் பின்னது 1932இலும் பிரித்தெடுக்கப்பட்டுத் தனிச் சட்டங்களாயின. ஒரே சட்டமாக இருந்தவை பின்னாளில் பிரிந்தன என்பதை அறிந்த மாணவர், விற்பனைச் சட்டத்தைப் படிக்கும்போது ஒப்பந்தச் சட்டத்தை மூடிவைக்க மாட்டார்.

ஹாம்பர்க் வியாபாரி அனுப்பிய கோரிக்கைக்குத் திருப்பூர்க்காரர் சம்மதம் அனுப்புகிறார். அந்தச் சம்மதம் எப்போது, எந்த ஊரில் பூர்த்தியாகிறது? 4ஆம் பிரிவு இதற்கு நுட்பமான விடை தருகிறது: சம்மதத்தைத் தெரிவிப்பவரின் வசத்தை விட்டு அது புறப்பட்டதுமே எதிர்த்தரப்பாரை அது கட்டுப்படுத்தும், ஆனால் அனுப்பியவரை, அது எதிர்த்தரப்பாரின் அறிவுக்கு எட்டும்போதுதான் கட்டுப்படுத்தும். இந்த இரட்டை நிலை ஆங்கிலச் சட்டத்தில் இல்லாதது. ஆதலால் ஆங்கில வழக்குகளைக் கண்ணை மூடிக்கொண்டு இங்கே இறக்குமதி செய்தல் ஆகாது. தொலைபேசியில் பேசி முடித்த பேரத்துக்கு இப்பிரிவு எப்படிப் பொருந்தும் என்ற பிரச்னை, காம்காமிலிருந்த பருத்திக்கொட்டைப் பிண்ணாக்கு வியாபாரிக்கும் ஆமதாபாத்திலிருந்த வியாபாரிக்கும் இடையே எழுந்து, பகவான்தாஸ் கேடியா வழக்காகச் சுப்ரீம் கோர்ட்டுக்குச் சென்றது. சம்மதம் காதில் விழுந்த ஆமதாபாத்திலேயே ஒப்பந்தம் உண்டாயிற்று என்று பெரும்பான்மையோர் தீர்ப்பளித்தனர். நீதிபதி ஹிதாயதுல்லா, பிரிவின் வாசகத்தை உள்ளபடி கொண்டால் சம்மதம் சொல்லப்பட்ட காம்காமையே கொள்ள வேண்டும் என்று மாறுபட்டார். மாணவர் பலர் பெரும்பான்மைத் தீர்ப்பை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வழக்குக்குத் தாவிவிடுகின்றனர். மாறுபட்ட தீர்ப்பையும் படித்து, இருவரில் எவருடைய காரணம் தமக்குத் திருப்தியளிக்கிறது என்று அரைப் பக்கம் எழுதிப் பார்ப்பவரே மின்னஞ்சலைப் பற்றி வினா வந்தால் திகைக்காமல் விடையளிப்பார்.

இன்னொரு வழக்கையும் சொல்லாமல் இருக்க இயலவில்லை, அது நம் சென்னை உயர்நீதிமன்றத்தின் தீர்ப்பாதலால். மூதாட்டி ஒருவர் தம் நிலத்தை மகளுக்குத் தானமாக எழுதிக் கொடுத்து, அதற்கு ஈடாகத் தம் உடன்பிறந்தாருக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை தந்து வர வேண்டும் என்று ஏற்பாடு செய்ய, மகளும் அவ்வாறே எழுதிக் கொடுத்தாள். பின்னர், என் வாக்குக்கு ஈடாக உங்களிடமிருந்து எனக்கு எந்த மறுபயனும் வரவில்லையே என்று சொல்லி மறுத்தாள். மறுபயன் வேறொருவரிடமிருந்து வந்தாலும் போதும் என்று சின்னய்யா எதிர் ராமய்யா என்ற அந்த வழக்கில் முடிவாயிற்று. 2ஆம் பிரிவில் "வேறு எவரேனும்" என்ற பொருள்பட வரும் ஒரு சிறு தொடரின் பலம் அது.

ஒப்பந்தம் உண்டான பிறகு, சரக்கின் உடைமை எப்போது கைமாறுகிறது, அது கெட்டுப்போனால் நஷ்டம் யாரைச் சாரும் என்ற கேள்விகள் எழும். நம் விற்பனைச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, வேறு ஏற்பாடு இல்லாதவிடத்து, உடைமை எவரிடம் இருக்கிறதோ நஷ்டமும் அவரையே சாரும் என்கிறது. ஆனால் வெளிநாட்டு வியாபாரத்தில் வேறு ஏற்பாடு பெரும்பாலும் இருந்தே தீரும். பாரிஸில் இருக்கும் சர்வதேச வர்த்தக சபை 1936ஆம் ஆண்டு முதல் வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி வரும் இன்கோடெர்ம்ஸ் என்னும் விதிகளை, "எஃப்.ஓ.பி. தூத்துக்குடி" என்ற இரண்டே சொற்களால் தரப்பினர் தம் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்துவிடுகின்றனர். இப்போதுள்ள 2020ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, எஃப்.ஓ.பி. என்றால் சரக்கு கப்பல்மீது வைக்கப்பட்டதும் அபாயம் வாங்குபவரைச் சேரும். ஆயினும், கண்டெய்னர் சரக்கைத் துறைமுக முனையத்தில் ஒப்படைத்துவிட்டு, கப்பலில் அது ஏறும்வரை தன் கட்டுப்பாட்டில் இல்லாத பொருளுக்குத் திருப்பூர்க்காரர் பொறுப்பேற்று நிற்பது நியாயமாகாது, கண்டெய்னருக்கு, சரக்கை ஒப்படைத்ததுமே அபாயம் மாறும் எஃப்.சி.ஏ. என்ற முறையே பொருத்தமானது என்று அச்சபையே சொல்லுகிறது. ஆனாலும் பழக்கத்தின் காரணமாக வியாபாரிகள் எஃப்.ஓ.பி. என்றே எழுதி வருகின்றனர். புத்தகத்து விதிக்கும் கடைத்தெரு வழக்கத்துக்கும் உள்ள இந்த இடைவெளியைக் கவனிக்கும் பழக்கம் மாணவப் பருவத்திலேயே ஏற்பட வேண்டும். பிற்காலத்தில் வக்கீலிடம் வந்து சேரும் வியாஜ்யங்களில் பல இத்தகைய இடைவெளிகளிலேயே முளைக்கின்றன.

இனி, சுதேசச் சட்டம், சர்வதேசச் சட்டம் என்று இரண்டு உலகங்கள் இருப்பதாக மாணவர் கொள்ளும் மயக்கத்துக்கு வருவோம். இதை நான் சற்று விரித்தே எழுத விரும்புகிறேன்.

சர்வதேசப் பொருள் விற்பனை ஒப்பந்தங்களுக்கான ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கை 1980இல் வியன்னா நகரில் ஏற்கப்பட்டு, 1988 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தது. ஜெர்மனி, அமெரிக்கா, சீனா, ஜப்பான், சிங்கப்பூர் ஆகியவை அதில் சேர்ந்திருக்கின்றன. இந்தியா சேரவில்லை, இங்கிலாந்தும் சேரவில்லை. ஆகவே அது நமக்கு வேண்டாத பாடம் என்று முடிவு செய்துவிடுகிறவர் உண்டு. நம் பனியன் ஒப்பந்தத்தில் "இவ்வொப்பந்தத்துக்கு ஜெர்மானியச் சட்டம் பொருந்தும்" என்று ஒரு வரி இருந்தால் என்னவாகும் என்று பாருங்கள். ஜெர்மானியச் சட்டம் என்றதும் அந்நாட்டுச் சிவில் சட்டத் தொகுப்பைத் தேடிப் போவார் அனுபவமில்லாதவர். ஆனால் ஜெர்மனியில் வியன்னா உடன்படிக்கையும் அந்நாட்டுச் சட்டமே. சர்வதேச விற்பனைக்கு முற்பட்டுப் பொருந்துவதும் அதுவே. 6ஆம் ஷரத்தின்படி தரப்பினர் அதை விலக்கினாலன்றி, உடன்படிக்கையில் சேராத நாட்டைச் சேர்ந்த திருப்பூர்க்காரரும் அதற்கு உட்பட்டவராகிவிடுவார். அங்கே மறுபயன் என்ற கோட்பாடு கிடையாது. வெறும் சம்மதத்தினாலேயே ஒப்பந்தத்தை மாற்றலாம். சரக்கின் குறையைத் தகுந்த காலத்துக்குள், எப்படியும் ஒப்படைத்த இரண்டு ஆண்டுகளுக்குள், வாங்கியவர் தெரிவிக்காவிட்டால் அவர் தம் உரிமையை இழப்பார். இங்கே படித்த பாடத்தை வைத்துக்கொண்டு அங்கே ஆலோசனை சொல்ல முற்பட்டால் கட்சிக்காரருக்கு எத்தகைய நஷ்டம் நேரும்!

இதன் மறுபக்கமும் உண்டு. எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் ஒன்றுமே எழுதப்படவில்லை. வழக்கு ஹாம்பர்க் நீதிமன்றத்தில் தொடரப்படுகிறது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான ரோம் முதலாம் விதித்தொகுப்பு, பொருள் விற்பனைக்குச் சாதாரணமாக விற்பவர் வசிக்கும் நாட்டின் சட்டமே பொருந்தும் என்கிறது. ஆக, எல்பே நதிக்கரையில் அமர்ந்திருக்கும் நீதிபதி நம் 1930ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திறந்து படிக்க நேரும். இந்தியச் சட்டம் அங்கே சர்வதேச வழக்கின் சட்டமாகிறது; முன் சொன்ன உதாரணத்தில் சர்வதேச உடன்படிக்கை ஒரு நாட்டின் உள்நாட்டுச் சட்டமாக வந்தது. சர்வதேச வர்த்தகச் சட்டத்தைக் கடைசி ஆண்டில் கற்பித்தாலும், முதலாண்டு முதலே அதன் கண்கொண்டு ஒப்பந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டுவது இதனாலேதான்.

பணத்தின் பாடம் இன்னும் சுவையானது. வாங்குபவரை விற்பவர் அறியார். விற்பவரை வாங்குபவர் நம்பார். இருவருக்கும் நடுவில், வங்கியாளரும் ஏற்றுமதியாளரும் எல்.சி. என்றே வழங்கும் கடன் உறுதிக் கடிதத்தோடு வங்கி வந்து நிற்கிறது. குறித்த பத்திரங்களைக் கொண்டுவந்து காட்டினால் பணம் தருவேன் என்பது வங்கியின் வாக்கு. சர்வதேச வர்த்தக சபையின் யு.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு, 2007 ஜூலை முதல் அமலிலிருப்பது, முப்பத்தொன்பதே ஷரத்துக்கள் கொண்டது. ஒரே மாலையில் படித்து முடிக்கலாம், படிக்கவும் வேண்டும். அதில் இரண்டு தத்துவங்களை மனத்தில் பதித்துக்கொள்க: கடன் உறுதிக் கடிதம் விற்பனை ஒப்பந்தத்திலிருந்து வேறானது, வங்கி பார்ப்பது பத்திரங்களை, சரக்கையல்ல. பத்திரங்களைப் பரிசீலிக்க வங்கிக்கு ஐந்து வேலைநாட்களே அவகாசம்.

இத்தத்துவங்கள் நியாயஸ்தலத்தில் எப்படிச் சோதிக்கப்பட்டன என்பதற்குச் சென்னையிலேயே ஓர் அருமையான வழக்கு இருக்கிறது. பராக்கா அணைத் திட்டத்தின் கால்வாய் வேலையை எடுத்திருந்த சென்னை நிறுவனமாகிய தாராபூர் கம்பெனி, மாஸ்கோவிலிருந்த சோவியத் ஏற்றுமதி ஸ்தாபனத்திடமிருந்து மண் வாரும் இயந்திரங்களை வாங்கியது. பணத்துக்கு வங்கியின் கடன் உறுதிக் கடிதம். இயந்திரங்கள் சொன்னபடி வேலை செய்யவில்லை, ஆகையால் வங்கி பணம் கொடுக்காதபடி தடுக்க வேண்டும் என்று கம்பெனி சென்னை உயர்நீதிமன்றத்தை அணுகியது. தனி நீதிபதி தடையுத்தரவு தந்தார். அமர்வு அதை நீக்கியது. சுப்ரீம் கோர்ட்டும் நீக்கியது சரியே என்றது. இயந்திரம் நன்றாயில்லை என்பது விற்பனைத் தகராறு. அதற்கு நஷ்டஈடு கேட்கலாம். வங்கியின் வாக்கைத் தடுத்து நிறுத்த முடியாது. இப்படித் தடுக்க இடங்கொடுத்தால், நாடுகளுக்கிடையே வியாபாரத்தைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையே குலைந்துவிடும் என்பது இதன் உட்கருத்து. மோசடி போன்ற அபூர்வமான விலக்குகளை இதன் பின்வந்த தீர்ப்புகளில் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும்.

அதே தகராறு இன்னொரு பாடத்தையும் நமக்கு விட்டுச் சென்றது. ஒப்பந்தத்தில், பிணக்கு எழுந்தால் மாஸ்கோவில் மத்தியஸ்தம் என்று ஒரு ஷரத்து இருந்தது. சோவியத் ஸ்தாபனம் அங்கே நடவடிக்கையைத் தொடங்கிவிட்டு, சென்னை வழக்கை நிறுத்திவைக்கும்படி கேட்டது. வெளிநாட்டு மத்தியஸ்தத் தீர்ப்புகளை மதித்து நிறைவேற்றுவதற்காக 1958இல் நியூயார்க்கில் ஏற்பட்ட உடன்படிக்கையில் சேர்ந்த இந்தியா, 1961இல் அதற்கென ஒரு சட்டம் செய்திருந்தது. ஆனால் அச்சட்டத்தின் வாசகத்தைப் பிடித்துக்கொண்டு, சுப்ரீம் கோர்ட்டின் பெரும்பான்மை நீதிபதிகள் வழக்கை நிறுத்த மறுத்தனர்; உடன்படிக்கையின் நோக்கத்தைக் கருதி ஒருவர் மாறுபட்டார். 1973இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அந்தக் குறையைப் போக்கிற்று. உடன்படிக்கை, அதைத் தழுவிய சட்டம், அதற்கு நீதிமன்றம் கண்ட பொருள், அதன்மேல் திருத்தம் என்று ஒரே கதையில் நான்கு படிகளையும் காட்டும் வழக்கு இதைவிட வேறொன்று எனக்குத் தெரியாது. இரண்டு தீர்ப்புகளையும் முழுமையாகப் படியுங்கள், சுருக்கங்கள் போதா.

மத்தியஸ்தச் சட்டத்தில் இப்போது ஆளுவது 1996ஆம் ஆண்டுச் சட்டம். மத்தியஸ்தம் எந்த நகரைத் தன் பீடமாகக் கொள்ளுகிறதோ அந்நாட்டு நீதிமன்றத்துக்கே அதை மேற்பார்க்கும் அதிகாரம் என்ற கொள்கை, 2002இல் பாட்டியா வழக்கில் நெகிழ்ந்து, 2012இல் பால்கோ வழக்கில் நிலைபெற்றது. நீதிமன்றத்தைவிட மத்தியஸ்தத்தை நாடுவதன் நடைமுறைப் பயன் என்னவென்றால், ஹாம்பர்க் நீதிமன்றத்தின் தீர்ப்பைக் கொண்டுவந்து கோயம்புத்தூரில் நேரே நிறைவேற்ற முடியாது, இங்கே புதிதாக வழக்குத் தொடர வேண்டும். ஏனெனில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 44ஏ பிரிவின்கீழ் இங்கிலாந்தும் சிங்கப்பூரும் போல ஜெர்மனி அறிவிக்கப்படவில்லை. ஹாம்பர்க்கில் அமர்ந்த மத்தியஸ்தரின் தீர்ப்போ நியூயார்க் உடன்படிக்கையின் பலத்தால் இங்கே நிறைவேறும். ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் அவசரமாக எழுதப்படும் தகராறு ஷரத்தே, சில சமயம், அதன் மற்றெல்லாப் பக்கங்களையும்விட விலை மதிப்புள்ளதாகிவிடுகிறது.

கப்பற்சரக்குச் சட்டத்தில் மட்டும் பழைய புத்தகங்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். கப்பற்சரக்கு ரசீதாகிய பில் ஆஃப் லேடிங் பற்றிய 1856ஆம் ஆண்டுச் சட்டமும், கடல்வழிச் சரக்கு பற்றிய 1925ஆம் ஆண்டுச் சட்டமும் 2025இல் புதிய சட்டங்களுக்கு இடம் விட்டன. நூலகத்திலுள்ள உரைநூல் எவ்வளவு கீர்த்தி பெற்றதாயினும், அது அச்சான ஆண்டைப் பார்த்துவிட்டே படிக்கத் தொடங்குங்கள். மூலச் சட்டங்கள் அரசாங்கத்தின் இந்தியா கோட் தளத்திலும், சுப்ரீம் கோர்ட்டின் தீர்ப்புகள் 2023 முதல் அதன் ஈ.எஸ்.சி.ஆர். தளத்திலும், சில தீர்ப்புகள் தமிழிலுமே, இலவசமாகக் கிடைக்கின்றன. வியன்னா உடன்படிக்கைமீது பல நாட்டு நீதிமன்றங்கள் சொன்ன தீர்ப்புகளின் சுருக்கங்களை, ஐ.நா.வின் வர்த்தகச் சட்டக் குழு கிளவுட் என்ற பெயரில் தொகுத்து வைத்திருக்கிறது. உரைநூல்களில், ஒப்பந்தத்துக்குப் பொல்லாக்கும் முல்லாவும் எழுதியதை ஐயம் எழும்போதும், அவதார் சிங் எழுதியதை அன்றாடமும் வைத்துக்கொள்ளலாம். ஏற்றுமதி வியாபாரத்துக்கு ஷ்மிட்டாஃபின் நூல்.

பரீட்சையில் பிரச்னை வினாவுக்கு விடை எழுதுகையில், நினைவிலுள்ள வழக்குப் பெயர்களை முதலில் கொட்டிவிடும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். யார் யாரிடம் என்ன கேட்கிறார் என்பதை ஒரு வாக்கியத்தில் நிறுவி, எந்நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதைத் தீர்த்து, பின்னரே பிரிவுக்கும் வழக்குக்கும் வருக. இரண்டாம் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே சர்வதேசத் தாளில் மதிப்பெண் இழக்கின்றனர்.

வியன்னாவில் ஆண்டுதோறும் நடைபெறும் வில்லெம் விஸ் மாதிரி மத்தியஸ்தப் போட்டியில் பங்குபெற வாய்ப்புக் கிடைத்தால் தவறவிடலாகாது. உலகெங்கிலுமிருந்து வரும் மாணவரோடு வியன்னா உடன்படிக்கையை வைத்தே அங்கு வாதிட வேண்டும். நம் நாடு அதில் சேரவில்லை என்பது நம் மாணவர் அதில் தேர்ச்சி பெறுவதற்குத் தடையாக இருந்ததில்லை. பயணச் செலவுக்கு வசதியற்றவர் மனம் தளர வேண்டாம். முந்தைய ஆண்டுகளின் பிரச்னைகள் எவரும் படிக்கக் கிடைப்பவை. நாலைந்து நண்பர்கள் சேர்ந்து விடுதியிலேயே இரு கட்சியாகப் பிரிந்து வாதிட்டால் பயனில் பெரும்பகுதி கைகூடும்.

மேற்படிப்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லுகிறேன். வெளிநாட்டில் எல்.எல்.எம். பயில விரும்புவோருக்கு, ராய் குட் 1980இல் லண்டன் குவீன் மேரியில் நிறுவிய வர்த்தகச் சட்டக் கல்வி மையமும், சிங்கப்பூர்த் தேசியச் சர்வகலாசாலையும் புகழ் பெற்றவை. செலவு மிகுதி; ஆகவே உள்நாட்டில் இரண்டு மூன்று ஆண்டுகள் தொழில் செய்து, தமக்குத் தேவையானது கப்பலா, வங்கியா, மத்தியஸ்தமா என்று தெளிந்தபின் செல்லுவதே உசிதம்.

அதற்குமுன், விடுமுறையில் வக்கீல் அலுவலகத்தையே எல்லோரும் நாடுகின்றனர். ஒரு விடுமுறையையாவது தூத்துக்குடியிலோ சென்னையிலோ உள்ள கஸ்டம்ஸ் ஏஜெண்டு ஒருவரின் அலுவலகத்திலோ, வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையிலோ கழிக்க அனுமதி கேளுங்கள். அங்கே முடிந்துபோன ஒரு ஏற்றுமதியின் கோப்பைக் காட்டச் சொல்லி, இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங், இன்ஷூரன்ஸ் பத்திரம், பிறப்பிடச் சான்று, கடன் உறுதிக் கடிதம் ஆகியவற்றைத் தேதி வரிசைப்படி அடுக்கி, சரக்கின் பெயரும் எடையும் தேதிகளும் ஒன்றோடொன்று ஒத்திருக்கின்றனவா என்று வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாத இடம் ஏதேனும் தென்பட்டால், வங்கி அதை ஏற்றதா, மறுத்ததா, மறுத்திருந்தால் பணம் எப்படி வந்தது என்று அங்குள்ள குமாஸ்தாவைக் கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அன்றிரவே நோட்டுப் புத்தகத்தில், யு.சி.பி.யின் 14ஆம் ஷரத்துக்கு எதிரே எழுதிவையுங்கள்.